நெகட்டிவ் என்று வந்த பிறகும் மாத்திரை எதற்கு? உள்ளே உறங்கும் காசநோய்க் கிருமியைத் தேடும் பரிசோதனைகள்

அத்தை ரிப்போர்ட்டை என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார். “நெகட்டிவ்னுதான கண்ணு போட்டிருக்குது? அப்புறம் எதுக்கு அந்த டாக்டரு டிபி மாத்திரை எழுதியிருக்கறாரு?”

அத்தைக்குச் சரவாங்கி என்கிற முடக்குவாதம். பத்து வருடத்துக்கும் மேலாக விரல் மூட்டெல்லாம் வீங்கி, காலையில் எழுந்தால் பால் செம்பைக்கூடத் தூக்க முடியாது. வாரம் ஒரு மாத்திரை, அதோடு ஸ்டீராய்டு என்று ஓட்டிக்கொண்டிருந்தார். அது போதாமல் போகவே, நோய் எதிர்ப்பைக் குறிவைத்து அடக்கும் ஊசி போடலாம் என்று மூட்டு மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஊசிக்கு முன்னால் டிபி பரிசோதனை. அதில் நெகட்டிவ். ஆனாலும் மாத்திரை.

நான் ஈரோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். இந்தப் பரிசோதனைக்கு எத்தனையோ பேரிடம் ரத்தம் எடுத்திருக்கிறேன். அத்தை கேட்ட கேள்வியை அவர்களில் பாதிப் பேராவது கேட்டிருப்பார்கள். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காங்கயம், தாராபுரம் பக்கம் போனவர்கள் கொறங்காட்டைப் பார்த்திருப்பீர்கள். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்கும் மேய்ச்சல் நிலம், சுற்றிலும் கிளுவை வேலி. மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் ஆள் வேண்டியதில்லை. ஆனால் அது உயிர்வேலி. பொந்து விழுந்த இடத்தில் புதிதாகக் கிளுவைப் போத்து நட வேண்டும், வருடாவருடம் வெட்டிவிட வேண்டும். கவனிக்காமல் விட்டால் மாடு ஒரு நாள் பக்கத்துச் சோளக்காட்டில் நிற்கும்.

காசநோய்க் கிருமி நம் உடம்புக்குள் இருப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். நுரையீரல் காசநோய் உள்ள ஒருவர் இருமும்போது காற்றில் வரும் கிருமியை நாம் மூச்சோடு இழுக்கிறோம். நுரையீரலில் காவல் இருக்கும் செல்கள் அதை விழுங்குகின்றன. மற்ற கிருமிகள் என்றால் அங்கேயே கதை முடிந்துவிடும். இது விழுங்கிய செல்லுக்குள்ளேயே பிழைத்துக்கொள்ளும் கிருமி. உடம்பு பார்க்கிறது, கொல்ல முடியவில்லை, சரி, அடைத்தாவது வைப்போம் என்று அதைச் சுற்றி எதிர்ப்புச் செல்களை அடுக்கி ஒரு முடிச்சுபோலக் கட்டிவிடுகிறது. மருத்துவர்கள் இதைக் கிரானுலோமா என்பார்கள். அதுதான் கிளுவை வேலி. உள்ளே கிருமி இருக்கும், வளராது. ஆள் நன்றாக இருப்பார். சளியில் கிருமி வராது. பக்கத்தில் இருப்பவருக்கு ஒட்டாது.

இந்த நிலைக்குத்தான் உறங்குநிலைக் காசநோய் என்று பெயர். நோய் என்ற சொல் அதில் ஒட்டிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிப்பதில்லை. இது தொற்று மட்டுமே, நோய் இல்லை. வேலிக்குள் இருக்கும் வரை தொற்று. வேலியைப் பிய்த்துக்கொண்டு வந்தால்தான் நோய்.

எத்தனை பேருக்கு இருக்கும் என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். இந்தியா முழுக்க 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய 31 சதவீதம் பேருக்கு இந்தத் தொற்று இருந்தது. மூன்று பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டவுன் பஸ்ஸில் அறுபது பேர் ஏறினால் அதில் இருபது பேர். அவர்களில் பெரும்பாலானோருக்குச் சாகும் வரை எதுவும் ஆகாது. நல்ல உடம்புள்ள நூறு பேருக்குத் தொற்று இருந்தால், வாழ்நாள் முழுக்கச் சேர்த்து ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் அது நோயாக மாறும்.

அதனால் எல்லோரும் ஓடிப்போய்ப் பரிசோதிக்க வேண்டியதில்லை. வேலி சாயப்போகிறவர்கள்தான் பார்க்க வேண்டும்.

யாருக்கெல்லாம் வேலி சாயும்? எச்ஐவிக்குச் சிகிச்சை எடுக்காமல் இருப்பவருக்கு வாழ்நாளில் பத்து சதவீதம் என்ற அந்தக் கணக்கு, ஒரே வருடத்தில் பத்து சதவீதம் என்ற அளவுக்குப் போய்விடும். சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், அதற்குக் காத்திருப்பவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், ஸ்டீராய்டை நல்ல அளவில் மாதக்கணக்காகச் சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் இந்தப் பட்டியலில் உண்டு. நம் பக்கத்தில் இன்னொரு கூட்டத்தையும் மறக்கக் கூடாது. கோயமுத்தூர் ஃபவுண்டரிகளில் மணல் தூசியிலும், கல் குவாரியிலும் கிரஷரிலும் கல் தூசியிலும் பல வருடம் உழைத்தவர்கள். சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் வந்துவிட்டால், கிருமியை விழுங்கும் அந்தக் காவல் செல்களே பழுதாகிவிடும். ரத்தத்தில் எல்லாம் சரியாக இருந்தாலும் நுரையீரலின் காவல் போய்விட்டது என்று அர்த்தம்.

சர்க்கரை நோய் இருந்தால் என்று உடனே கேட்பீர்கள், வீட்டுக்கு ஒருவருக்கு இருக்கிறதே. சர்க்கரை, காசநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும், உண்மைதான். ஆனால் சர்க்கரை ஒன்றை மட்டுமே காரணமாக வைத்து எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை செய்யச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. இருமல் நிற்காமல் இருந்தால் சளியைக் கொடுத்துப் பாருங்கள். அது வேறு பரிசோதனை.

அத்தையின் ஊசிக்கு வருகிறேன். நம் உடம்பில் டிஎன்எஃப் என்று ஒரு பொருள் சுரக்கிறது. மூட்டில் வீக்கத்தையும் வலியையும் மூட்டிவிடுவது அதுதான். சரவாங்கிக்காரர்களுக்கு அது அளவுக்கு மீறி வேலை செய்கிறது. அடாலிமுமாப், இன்ஃப்ளிக்சிமாப் போன்ற ஊசிகள் அதைப் பிடித்துக் கட்டிப்போடுகின்றன. வலி குறைகிறது, கை மடங்குகிறது. ஆனால் கிரானுலோமா என்ற அந்த வேலியைக் கட்டிக்காப்பதிலும் இதே டிஎன்எஃபுக்குப் பெரிய பங்கு உண்டு. மூட்டுக்கு எதிரி, நுரையீரலுக்குக் காவல்காரன். இன்ஃப்ளிக்சிமாப் போட்டவர்களில் பலருக்கு, அதுவும் முதல் சில ஊசிகளுக்குள்ளேயே, காசநோய் கிளம்பியது 2001இல் மருத்துவ உலகத்துக்குத் தெளிவாகத் தெரியவந்தது. அதிலிருந்துதான் இந்த ஊசிகளுக்கு முன்னால் தொற்று இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம் ஆனது.

சரி, எப்படிப் பார்ப்பது? இங்கேதான் விஷயமே இருக்கிறது.

உறங்கும் கிருமியை நேரடியாகப் பிடிக்க இன்றுவரை ஒரு பரிசோதனையும் கிடையாது. அவை கொஞ்சமாக இருக்கின்றன, நுரையீரலின் ஏதோ ஒரு மூலையில் முடிச்சுக்குள் இருக்கின்றன. சளியிலும் வராது, ரத்தத்திலும் வராது. எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. ஆகவே நாம் கிருமியைத் தேடுவதில்லை, சாட்சியை விசாரிக்கிறோம். நம் ரத்தத்தில் டி செல்கள் உண்டு. ஒருமுறை ஒரு கிருமியோடு மல்லுக்கட்டியிருந்தால் அவை அதன் முகத்தை ஞாபகம் வைத்திருக்கும். அந்தக் கிருமியின் துண்டு ஒன்றைக் காட்டி, இவனை முன்பே பார்த்திருக்கிறாயா என்று கேட்பதுதான் இருக்கிற எல்லாப் பரிசோதனைகளும் செய்யும் வேலை.

பழைய பரிசோதனை மாண்டூ. குழந்தைக்குப் பிரைமரி காம்ப்ளெக்ஸ் இருக்கிறதா என்று பார்க்க முன்கையில் போடுவார்களே, அதேதான். பிரான்ஸ் நாட்டு மருத்துவர் சார்ல்ஸ் மாண்டூ 1908இல் சொல்லிக்கொடுத்த முறை. கிருமியிலிருந்து பிரித்தெடுத்த புரதக் கலவையை 0.1 மில்லி அளவுக்குத் தோலின் மேலடுக்குக்குள் ஏற்றினால் கொப்புளம்போல ஒரு சிறு புடைப்பு எழும்பும். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் மறுபடி வந்து காட்ட வேண்டும். டி செல்களுக்கு ஞாபகம் இருந்தால் அங்கே கூடிவந்து, தோல் தடித்துக் கெட்டியாகும்.

பார்க்க வேண்டியது சிவப்பை இல்லை, தடிப்பை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சிவப்பை அளந்து எழுதிய ரிப்போர்ட்டை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அல்லது பால்பாயின்ட் பேனாவை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்ல இழுத்துவர வேண்டும். தடிப்பு தொடங்கும் இடத்தில் பேனா தட்டி நிற்கும். இரண்டு பக்கமும் அப்படிக் கோடு போட்டு, இடைப்பட்ட அகலத்தை மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். பொதுவாக 10 மில்லிமீட்டர் இருந்தால் பாசிட்டிவ். எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு 5 மில்லிமீட்டரே பாசிட்டிவ். சாட்சி பலவீனமாக இருக்கும்போது அவர் மெதுவாகச் சொல்வதையும் காதில் வாங்க வேண்டும் அல்லவா, அதற்காகத்தான் அளவைக் குறைத்திருக்கிறார்கள்.

மாண்டூவில் இரண்டு சங்கடம். ஒன்று, பிறந்தவுடன் காசநோய்க்காகப் போடும் பிசிஜி தடுப்பூசி. புரதக் கலவையில் இருப்பவற்றில் பல பிசிஜி கிருமியிலும் உண்டு. தடுப்பூசியைப் பார்த்த செல்கூடக் கையைத் தூக்கலாம். குழந்தையாக இருந்தபோது போட்டதன் தாக்கம் பத்து வருடத்தில் பெரும்பாலும் தேய்ந்துவிடும் என்றாலும், சந்தேகம் சந்தேகம்தான். இன்னொன்று, மூன்றாம் நாள் திரும்பி வர வேண்டும். பனியன் கம்பெனியில் ஷிஃப்ட் பார்ப்பவர், ஒரு நாள் சம்பளத்தை விட்டு ஊசி போட்டுக்கொண்டு, இன்னொரு நாள் சம்பளத்தை விட்டு அளக்க வர வேண்டும். வராமலே போனவர்கள் நிறையப் பேர். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. பொதுப்பெயர் ஐக்ரா, அதிகம் பேர் கேள்விப்பட்டது குவான்டிஃபெரான் என்ற வகை. பிசிஜியில் இல்லாத, காசநோய்க் கிருமியில் இருக்கிற இரண்டு புரதங்களின் துண்டுகளை மட்டும் இதில் காட்டுகிறோம். அதனால் தடுப்பூசிக் குழப்பம் கிடையாது. நான்கு குழாய்களில் தலா 1 மில்லி ரத்தம். எடுத்தவுடன் ஒவ்வொன்றையும் பத்து முறை நன்றாக ஆட்ட வேண்டும். குழாயின் உள்சுவரில்தான் மருந்து பூசியிருக்கிறது, ரத்தம் அதில் எல்லா இடத்திலும் பட வேண்டும். ரொம்ப முரட்டுத்தனமாக ஆட்டினாலும் தப்பு, ஆட்டாவிட்டாலும் தப்பு. பிறகு 37 டிகிரி சூட்டில் 16 முதல் 24 மணி நேரம் வைப்போம். ஞாபகம் உள்ள டி செல்கள் அந்தத் துண்டைப் பார்த்ததும் இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளைச் சுரக்கும். அதைத்தான் அளக்கிறோம். அதன் அளவு 0.35 அலகைத் தொட்டால் பாசிட்டிவ்.

நான்கு குழாய் எதற்கு என்று ரத்தம் கொடுப்பவர்கள் கேட்பார்கள். இரண்டில் கிருமியின் துண்டுகள். ஒன்றில் எதுவும் இல்லை, சும்மா இருக்கும்போது ரத்தம் எவ்வளவு சுரக்கிறது என்று பார்க்க. நான்காவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த குழாய். அதில் மைட்டோஜென் என்று ஒன்று இருக்கும். டி செல் எந்தக் கிருமியைப் பார்த்திருந்தாலும் பார்க்காவிட்டாலும், உயிரோடு, தெம்போடு இருந்தால் அதைத் தொட்டவுடன் கத்தியே ஆக வேண்டும். சாட்சியிடம் வழக்கைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், உங்கள் பேர் என்ன என்று கேட்பது மாதிரி. அதற்கே பதில் வரவில்லை என்றால்? அவர் வழக்கில் மௌனமாக இருந்ததற்கு ஒரு மதிப்பும் இல்லை. அப்போது ரிப்போர்ட்டில் நெகட்டிவ் என்று எழுத மாட்டோம், முடிவு சொல்ல இயலவில்லை என்று எழுதுவோம். ஸ்டீராய்டு எடுப்பவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், சிடி4 என்ற எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை இறங்கிய எச்ஐவி உள்ளவர்கள் ஆகியோரின் ரிப்போர்ட்டில் இந்த வரி மற்றவர்களைவிட அடிக்கடி வரும். பரிசோதனை நிலையத்தின் தப்பு என்று சண்டைக்கு வருவார்கள். சில நேரம் மாதிரியைக் கையாண்டதில் தப்பு இருக்கலாம், அதனால் ஒருமுறை திரும்ப எடுத்துப் பார்ப்பதில் நியாயம் உண்டு. மறுபடியும் அதே வரி வந்தால், அது உங்கள் உடம்பு தருகிற செய்தி.

மூன்றாவதாக, சில வருடங்களாக சி-டிபி என்ற தோல் பரிசோதனையும் வந்திருக்கிறது. புனேயில் உள்ள சீரம் இன்ஸ்டிட்யூட் தயாரிப்பது. மாண்டூ போலவே கையில் ஊசி, மூன்றாம் நாள் அளவு. ஆனால் உள்ளே போவது ஐக்ராவில் காட்டும் அதே இரண்டு புரதங்கள். பிசிஜி குழப்பம் இல்லை, ரத்தத்தை எடுத்துப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பிவைக்க வேண்டியதில்லை. 5 மில்லிமீட்டர் தடிப்பு இருந்தால் பாசிட்டிவ். அரசின் காசநோய்த் திட்டத்திலும் இதைச் சேர்த்திருக்கிறார்கள்.

மூன்றில் எதைச் செய்தாலும் கேட்கப்படும் சாட்சி ஒருவர்தான், உங்கள் டி செல். யாருக்குப் பரிசோதனை அதிகம் தேவையோ, அவருடைய டி செல்தான் அதிகம் தளர்ந்திருக்கிறது. இந்தப் பரிசோதனையின் பெரிய சிக்கல் இதுதான். ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை ஒரு மாதத்துக்கு மேல் சாப்பிட்டவரின் கையில் மாண்டூ தடிக்காமலே போகலாம். கிருமி இல்லாததால் தடிக்காததும், செல்லுக்குத் தெம்பில்லாததால் தடிக்காததும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

ஆகவே முடிந்தவரை முன்கூட்டியே பாருங்கள். சிறுநீரகம் மாற்ற வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொன்னவுடன், சரவாங்கிக்கு வலுவான மருந்து தொடங்கப் போகிறார்கள் என்று தெரிந்தவுடன், ஸ்டீராய்டின் அளவு ஏறுவதற்கு முன்னால் பார்த்துவிட்டால் சாட்சி தெளிவாகப் பேசும். சில மருத்துவர்கள் தோல் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை இரண்டையும் செய்து, ஒன்று பாசிட்டிவ் வந்தாலும் பாசிட்டிவ் என்று எடுத்துக்கொள்வார்கள். அப்படி இரண்டும் செய்வதென்றால் முதலில் ரத்தம் கொடுத்துவிட்டு அப்புறம் மாண்டூ போட்டுக்கொள்ளுங்கள். மாண்டூ ஊசியே டி செல்லைத் தட்டி எழுப்பி, பிறகு எடுக்கும் ரத்தத்தின் முடிவை மாற்றிவிடலாம்.

எச்ஐவி உள்ளவர்களுக்கு இந்தச் சாட்சி விசாரணையே தேவையில்லை என்று தேசிய வழிகாட்டுதல் சொல்கிறது. இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை இந்த நான்கில் ஏதாவது இருக்கிறதா என்று, எச்ஐவிக்கு மருந்து தரும் ஏஆர்டி மையத்தில் கேட்பார்கள். எதுவும் இல்லை, நோயும் இல்லை என்று உறுதியானால் நேராகத் தடுப்பு மாத்திரை. பாசிட்டிவ் வரட்டும் என்று காத்திருந்து ஆளை இழப்பதைவிட இது மேல்.

பாசிட்டிவ் வந்தால் பதற வேண்டாம். கிருமியை உடம்பு சந்தித்திருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். இப்போது நோய் இருக்கிறதா என்று இந்தப் பரிசோதனை சொல்லாது. நாளைக்கு வருமா என்றும் சொல்லாது. அதனால் எக்ஸ்ரே எடுப்பார்கள். தேவைப்பட்டால் சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கவே கூடாது. தடுப்புக்குக் கொடுப்பது ஒன்றோ இரண்டோ மருந்து. உண்மையில் நோயே இருக்கும் ஒருவருக்கு ஐசோநயசிட் என்ற ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால், கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும், பிறகு அந்த மருந்து அவருக்குக் கேட்காது.

நோய் இல்லை என்று ஆனால், ஐசோநயசிட் தினமும் ஆறு மாதம், அல்லது ஐசோநயசிட்டும் ரிஃபாபென்டினும் சேர்த்து வாரம் ஒரு வேளை, மொத்தம் 12 வேளை. கேட்க இரண்டாவது சுலபம். ஆனால் ரிஃபாபென்டின், மாற்றுச் சிறுநீரகத்துக்காகச் சாப்பிடும் டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளை ரத்தத்தில் குறைத்துவிடும். எது யாருக்கு என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கல்லீரலைக் கவனிக்க வேண்டும், அந்த மாதங்களில் சாராயம் கூடவே கூடாது. நரம்பு மரத்துப்போகாமல் இருக்க பி6 மாத்திரை சேர்த்துக் கொடுப்பார்கள். அத்தையின் ஊசி மாதிரியானவற்றை, தடுப்பு மருந்து தொடங்கிக் குறைந்தது ஒரு மாதமாவது கழித்துத்தான் ஆரம்பிப்பது வழக்கம். மாத்திரை முடிந்த பிறகும் பரிசோதனை பாசிட்டிவாகவே இருக்கக்கூடும், ஞாபகம் அழிவதில்லை. திரும்பத் திரும்பச் செய்து மனதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

தட்டு, டம்ளரைத் தனியாக வைக்க வேண்டாம். பேரன் பேத்தியைத் தூரத்தில் நிறுத்த வேண்டாம். உறங்கும் கிருமி யாருக்கும் பரவாது. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

இப்போது அத்தையின் நெகட்டிவ். ஸ்டீராய்டில் இருந்தபோது செய்த மாண்டூ அது. எக்ஸ்ரேயைப் பார்த்தால் வலது நுரையீரலின் மேல்பகுதியில் பழைய தழும்பு ஒன்று இருந்தது. சளியில் கிருமி இல்லை. “டாக்டர் உங்களிடம் வேறு ஏதாவது கேட்டாருங்களா அத்தை?” என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

“வீட்ல யாருக்காச்சும் டிபி இருந்துதானு கேட்டாரு. மொதல்ல இல்லைனுட்டன். படத்தைப் பாத்துப்போட்டு மறுக்காவும் கேட்டாரு. அப்பனுக்கு இருந்துச்சுங்கனு சொல்லீட்டன்.”

அத்தையின் அப்பா, அதாவது என் அப்பாரு, 1960களில் பெருந்துறையில் காசநோயாளிகளைத் தங்கவைத்த சானடோரியத்தில் சில மாதம் இருந்திருக்கிறார். அந்த இடத்தில்தான் பிறகு மருத்துவக் கல்லூரி வந்தது. கல்லூரி வந்த பின்னும் சானடோரியம் என்ற பேர் அங்கே நிற்கிறது. சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டில் இருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் குணமாகும், வீட்டாருக்கு அதனால் ஆபத்து அதிகமாகாது என்று சென்னையில் நடந்த ஆய்வு 1959இலேயே காட்டிவிட்டது. ஆனாலும் ஊருக்குள் பேச்சு மாறவில்லை. மில் வேலைக்குப் போயிருக்கிறார் என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருக்கிறார்கள். அத்தைக்கு அப்போது ஆறேழு வயது. ஒரே திண்ணையில் அப்பாருவின் பக்கத்தில் படுத்துத் தூங்கிய பிள்ளை. அறுபது வருடமாக எங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்குள்ளேயே தொடர்பு, எக்ஸ்ரேயில் தழும்பு, ஸ்டீராய்டு எடுக்கும்போது செய்த பரிசோதனை. இந்த மூன்றையும் தட்டில் ஒரு பக்கம் வைத்தால் நெகட்டிவ் என்ற ஒரு சொல் மறுபக்கம் எடை நிற்காது. மருத்துவர் செய்தது சரி. அத்தைக்கு அதை இந்த வரிசையில்தான் சொன்னேன்.

சொல்லி முடித்ததும் அவர் மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை. போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டார். சின்ன அத்தைக்குச் சர்க்கரையில் சிறுநீரகம் போய், கோயமுத்தூரில் வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். மாற்று அறுவைக்குப் பதிந்து காத்திருக்கிறார். அவரும் அதே வீட்டில், அதே திண்ணையில் வளர்ந்தவர்தான்.

“ஏம்புள்ள, உங்க டாக்டரு டிபி கேட்டா இல்லைனு சொல்லிப்போடாத. அப்பன் சங்கதிய அப்படியே சொல்லிப்போடு. நான் சொல்லீட்டன்.”